வைகாசி பதினாலாம் தேதிப் படம்

1

இந்த ஆனியோடு அப்பா இறந்து இருபத்திரண்டு வருஷம். ஊரில் இருந்திருந்தால் இதை நான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வாழைக்காய் வாங்கப் போன இடத்தில் யாராவது ஒருவர் 'இந்த வாரம் உங்க வீட்டுல திதி இல்லா?' என்று கேட்டுவிடுவார். ஹாம்பர்க்கில் அப்படிக் கேட்க ஆளில்லை. ஜூன் மாதம் இங்கே எல்லோரும் அரைக்கால் சட்டையோடு ஏரிக்கரைப் புல்லில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். நான் கைபேசியில் பஞ்சாங்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு திதி எந்தக் கிழமையில் விழுகிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். கடைசியில் பாளையங்கோட்டைக்குப் போன் போட்டுக் கோமதி அக்காவிடம்தான் கேட்பேன்.

அக்கா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எனக்கு ஏழு வயது மூத்தவள். திதியன்று இலை போட்டுப் படைக்கும்போது காணொளியில் என்னைக் கூப்பிடுவாள். அங்கே உச்சிப் பொழுது, இங்கே காலை எட்டரை. நான் குளித்து விபூதி பூசிக்கொண்டு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருப்பேன். அவள் கைபேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பி 'கும்பிட்டுக்கோ' என்பாள். கும்பிடுவேன்.

அந்தச் சுவரில் அப்பாவின் புகைப்படம் இருக்கிறது. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு சட்டம். அதில் இருப்பது நான் வரைந்த படத்தின் அச்சு. முழுக்க அடர்ந்த பழுப்பு. மேற்பாதியில் குறுக்காக ஒரு பெரிய வெள்ளை. வெள்ளையின் கீழ் விளிம்பு பிய்ந்து பிய்ந்து பழுப்புக்குள் இறங்கியிருக்கும். ஆள் இல்லை, மரம் இல்லை, முகம் இல்லை. அக்கா அந்தக் கண்ணாடி மேல் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமப் பொட்டு வைத்து, கதம்பச் சரம் போட்டிருப்பாள். உருவமே இல்லாத ஓவியத்துக்குச் சாம்பிராணி காட்டுகிற வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த அச்சைச் சட்டம் போடக் கொடுத்தபோது கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "இதுல தலை எது, கால் எதுக்கா? கொக்கியை எங்கன அடிக்க?" என்று கேட்டிருக்கிறார். அக்கா சொன்னாளாம்: "வெள்ளை மேல வரட்டும் அண்ணாச்சி. அது எங்க அப்பா மேல போட்ட கோடி வேட்டி."

அப்பாவின் சாவுக்கு நான் போகவில்லை. ஒரே மகன். பாஸ்போர்ட் இங்குள்ள அலுவலகத்தில் மாட்டிக்கொண்டதால் வரமுடியாமல் போயிற்று, அந்தத் துக்கத்தில் அன்றைக்கே உட்கார்ந்து வரைந்த படம் இது என்று அக்கா நம்பினாள். சொந்தக்காரர்கள் என்னைப் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் சுவரைக் காட்டுவாள். "தம்பி வரலைன்னு பேசாதீய. அவன் அங்கன இருந்து செஞ்ச காரியம் இதுதான்" என்பாள். இந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டி யாரும் மேலே பேசியதில்லை. நான் ஊருக்குப் போய்த் தலைநிமிர்ந்து கல்யாண வீடுகளில் உட்கார்ந்ததெல்லாம் இந்த வாக்கியத்தின் தயவில்.

அந்தப் படம் அப்பா இறந்த அன்று வரைந்தது அல்ல.

2

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊர்ப்பக்கம் போனால் 'படம் வரையுதியாமே, எங்க, என்னைய வரை பாப்போம்' என்று முகத்தைக் காட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு முகம் வராது. சென்னையில் படிக்கும்போதே வரவில்லை. ஆசிரியர்கள் என்னைச் சோம்பேறி என்று முடிவு கட்டியிருந்தார்கள். படிப்பு முடிந்து திருநெல்வேலி ஜங்ஷனில் சுவர் விளம்பரம் எழுதினேன். சிமெண்டுக்கும் பனியனுக்கும் எழுத்து எழுதுவதற்கு முன்னால் சுவர் முழுக்க ஒரே வண்ணத்தை இழுத்துப் பூசுவோமே, அந்த நேரம் மட்டும் எனக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். எழுத்து எழுதத் தொடங்கியதும் போய்விடும். ஒரு உதவித்தொகை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தேன். அது முடிந்த பிறகு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தேன்.

நான் துணியைத் தரையில் விரித்துத்தான் வேலை செய்வேன். முன்கூட்டிக் கோடு போடுவதில்லை. என்ன வரையப் போகிறேன் என்று தெரிந்தால் அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவேன். வண்ண டப்பாக்களை ஒரு சாக்குப் பைக்குள் போட்டு வைத்திருப்பேன். பார்க்காமல் கையை விட்டு எது வருகிறதோ அதை ஊற்றுவேன். தரை துடைக்கிற நீள ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. அதற்குப் பிறகு உள்ளங்கை. கை போன பிறகுதான் கண் போகும். கண் பார்த்து 'சரி' என்றால் நிறுத்திவிடுவேன். இதைப் பேட்டிகளில் நிறையச் சொல்லியிருக்கிறேன். 'எனக்குத் தெரிவதற்கு முன்னால் என் கைக்குத் தெரியும்' என்று சொல்லிச் சொல்லி அதுவே என் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஒன்றே ஒன்றைத்தான் நான் யோசித்துச் செய்வேன். படம் காய்ந்ததும் பின்பக்கம் திருப்பித் தமிழ் வருஷம், மாதம், தேதி எழுதுவேன். பெயர் வைப்பதில்லை, தேதி மட்டும். அப்பா சேரன்மகாதேவியில் பத்திரம் எழுதுகிறவர். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு முப்பது வருஷம் எழுதினார். எத்தனை அவசரத்தில் எவன் வந்து நின்றாலும் முதலில் தமிழ்த் தேதியை எழுதி, மை காயும்வரை பேசாமல் இருப்பார். அதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு மாதிரித் தேதி போட வரவில்லை. "தேதியை மட்டும் அடிச்சுத் திருத்தாத லே. மத்தது எதுன்னாலும் பாத்துக்கிடலாம்" என்று ஒருமுறை என் பரீட்சை விண்ணப்பத்தைப் பார்த்துச் சொன்னார்.

என் மகள் மீனா தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டது அந்தப் பின்பக்கங்களில்தான். அவளுடைய அம்மா இந்த நாட்டுக்காரி. வீட்டில் ஜெர்மன்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு நாலு வாரம் போய்விட்டு மாட்டேன் என்றாள். நானும் விட்டுவிட்டேன். ஆனால் ஆறேழு வயதில் என் வேலைக்கூடத்துக்கு வந்தால் சுவரில் சாய்த்துவைத்த படங்களின் முதுகில் விரலை வைத்து 'ஐப்பசி', 'மாசி' என்று எழுத்துக் கூட்டுவாள். பன்னிரண்டு மாதமும் வரிசையாகச் சொல்வாள். அப்பா, தாத்தா, அத்தை, தோசை, போதும், போ. இவற்றைத் தவிர அவளிடம் இருக்கிற தமிழ் அந்தப் பன்னிரண்டு மாதம்தான்.

அவளுக்கு இப்போது இருபத்து நாலு. அவளுடைய அம்மாவும் நானும் பிரிந்து ஒன்பது வருஷம். மீனா வேறு ஊரில் இருக்கிறாள். பிறந்த நாளுக்கு வருவாள். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ரயில் நேரம் பார்க்கத் தொடங்குவாள். 

3

இந்த வருஷம் இங்குள்ள ஒரு கலைக்கூடம் என் படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி வைக்கத் தீர்மானித்தது. கூடவே கனமான ஒரு புத்தகமும் போடுவார்கள். அதில் ஒவ்வொரு படத்துக்கும் அளவு, வண்ணம், தேதி எல்லாம் வரவேண்டும். மீனா கலை வரலாறு படித்தவள் என்பதால் பட்டியல் எடுக்கிற வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். மூன்று வாரம் தினமும் என் வேலைக்கூடத்துக்கு வந்தாள். இத்தனை நாள் சேர்ந்தாற்போல் அவள் என்னோடு இருந்து ஒன்பது வருஷம் இருக்கும். எனக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் சாம்பார் வைத்தேன். அவள் அதிகம் பேசவில்லை, ஆனால் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அக்கா சுவரில் அச்சாக இருக்கிற படத்தின் பெரிய அசல் பதினைந்து வருஷமாக ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் தொங்குகிறது. கண்காட்சிக்காக இறக்கி எடுத்துவந்து சுவரில் சாய்த்திருந்தார்கள், முதுகு வெளியே தெரிய. நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். மீனா அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் வைத்த மாதிரியே விரலை வைத்தாள். மாதப் பெயரின் மூன்றாவது எழுத்தில் விரல் நின்றது.

"அப்பா" என்றாள், தமிழில். "இது வைகாசி."

நான் அடுப்பை அணைத்தேன்.

"வைகாசி பதினாலு. தாத்தா ஆனி."

வருஷாவருஷம் ஆனி மாதத்தில் என்னோடு மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து கும்பிட்ட பிள்ளை அவள், பதின்மூன்று வயதுவரை. எத்தனையாவது மாதம் எது என்று கேட்டாலும் யோசிக்காமல் சொல்வாள். வைகாசிக்கு அடுத்ததுதான் ஆனி என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் கொடுத்த தமிழில் தப்பிப் பிழைத்தது இவ்வளவுதான். அதைக் கொண்டே என்னைப் பிடித்துவிட்டாள்.

பிறகு ஜெர்மனுக்கு மாறினாள். "எல்லாப் புத்தகத்திலும் தாத்தா இறந்த நாளில் வரைந்தது என்று இருக்கிறதே. யார் சொன்னது?" என்று கேட்டாள்.

"நான்" என்றேன்.

4

நடந்தது இது.

வைகாசி பதினாலாம் தேதி எனக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த ஊரின் ஒரு சின்னக் காட்சிக்கூடம் என்னுடைய படங்களை மட்டும் தனியாக வைக்கச் சம்மதித்திருந்தது. ஐந்து வருஷம் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்தவனுக்கு வந்த கடிதம் அது. நான் வேலைக்கூடத்துக்கு ஓடினேன். பைக்குள் கையை விட்டேன், பழுப்பு வந்தது. மறுபடி விட்டேன், வெள்ளை வந்தது. ஒரே இழுப்பு. இழுத்த பிறகுதான் கண் பார்த்தது. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டதும் சேரன்மகாதேவி வயல்கள் நிறைந்து கிடக்குமே, வரப்பைத் தவிர எல்லாம் வானமாக, அது வந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேறு படம் வரைந்ததில்லை.

ஆனி ஐந்தாம் தேதி காலையில் அக்கா போன் செய்தாள். "ஏலே சங்கரு, அப்பா போயிட்டாவ. பொறப்பட்டு வா" என்றாள். என்ன பதில் சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. 'பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருக்கு, பாக்கேன்க்கா' என்று சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் இருந்தது உண்மை. விசா நீட்டிப்பதற்காகக் கொடுத்திருந்தேன். அன்று காலையே போனேன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்த ஒரு அம்மாள் அங்கே இருந்தாள். பதற்றத்தில் அவளை 'நீ' என்று ஒருமையில் பேசிவிட்டேன். இந்த நாட்டில் அதிகாரியை அப்படிப் பேசினால் முகம் மாறும். அவள் மாறவில்லை. மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இறந்ததற்கு ஒரு அத்தாட்சி வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு போதும், ஊரிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் இன்றைக்கே முத்திரை குத்திக் கையில் தருகிறேன். என் அலுவலக எண் இது.

எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாள் மாலைதான் அந்தச் சின்னக் காட்சிக்கூடத்தில் என் கண்காட்சி திறப்பு. போனால் பதினாறு முடியாமல் திரும்ப முடியாது. வீட்டுக்குப் போகிற பஸ் ஒரு பக்கம், காட்சிக்கூடத்துக்குப் போகிற பஸ் எதிர்ப் பக்கம். எதிர்ப் பக்கம் போய் நின்றேன். எந்த பஸ் முதலில் வந்தது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. நான் போக விரும்பவில்லை.

மறுநாள் மத்தியானம்தான் அக்காவுக்குப் போன் செய்து 'பாஸ்போர்ட் தரமாட்டேங்காங்க' என்றேன். என் மனைவியிடமும் அந்த அதிகாரியைத்தான் திட்டினேன். எனக்குக் கருணை காட்டிய ஒரு பெண்ணை எத்தனை வீடுகளில் கல்நெஞ்சக்காரியாக ஆக்கியிருக்கிறேன்!

மாலை திறப்பு விழாவில் கையிலிருந்த கோப்பையைத் தவறவிட்டேன். காட்சிக்கூடத்து அம்மாள் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அப்பா நேற்று இறந்துவிட்டார் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திரும்பி அந்தப் பெரிய படத்தைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. "இதுவா? நேற்று வரைந்ததா?" என்றாள். முந்தின வாரமே என் படங்களை வண்டியில் ஏற்றி வந்தது அவளுடைய ஆட்கள்தான், அவளுக்கு அது நினைவில்லை. இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் 'யா' என்றேன். ஆமாம்.

அந்த 'யா'வைத்தான் இருபத்திரண்டு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பத்திரிகையில் எழுதினார்கள். அக்காவுக்கும் அப்படியே சொல்லி ஓர் அச்சை அனுப்பினேன். விரிப்பு மடிக்கிற வேலையை விட்டேன். விசாவும் குடியுரிமையும் 'துக்கத்தை வரைகிற ஓவியர்' என்ற பெயரில்தான் வந்தன. அதற்குப் பிறகு அப்பாவுக்காக அழவேண்டும் என்று உட்கார்ந்து எத்தனையோ படம் வரைந்தேன். பழுப்பும் வெள்ளையும் வேண்டும் என்று பையைத் திறந்து பார்த்தே எடுத்தேன். ஒன்றிலும் அழுகை இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

5

நீங்கள் கேட்கலாம்: சிரித்துக்கொண்டு வரைந்த படத்தில் இத்தனை பேர் எப்படித் துக்கத்தைப் பார்த்தார்கள்? எனக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அதன் முன்னால் ஒரு பெண்மணி நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். மகனைப் பறிகொடுத்தவள். நான்தான் ஓவியர் என்று யாரோ சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றாள். அவள் அழுகை பொய்யில்லை. வயலில் நிற்கிற தண்ணீரைப் பார்த்து அவள் அழுதாள், அவ்வளவுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தேதி விஷயத்தை மீனா கலைக்கூடத்து இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். அவர் அதிர்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். மேவாயைத் தடவினார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. "மூன்று வாரம் முன்னாலேயே உங்கள் கைக்குத் தெரிந்திருக்கிறது. நீங்களே எப்போதும் சொல்வதுதானே? இது முன்னதைவிட நன்றாக இருக்கிறது" என்றார். புத்தகத்தில் அப்படியே எழுதலாம் என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. தப்பிப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடைக்காது. அக்காவிடமும் இதையே சொல்லலாம். 'மூணு வாரம் முந்தியே தம்பி மனசுல பட்டிருக்கு' என்று அவள் இன்னும் ஒரு பொட்டுக் கூடுதலாக வைப்பாள்.

மீனா என்னைப் பார்த்தாள். "அப்பா, அன்றைக்கு உனக்கு என்ன தோன்றியது?" என்று கேட்டாள். இயக்குநர் பேனாவோடு காத்திருந்தார்.

"சந்தோஷமாக இருந்தேன்" என்றேன்.

இயக்குநர் பேனாவை மூடினார். வெளியே வந்ததும் மீனா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. படத்தின் முதுகில் இருக்கிற தேதியைத்தான் போடுவேன். அத்தைக்கு அது என் புத்தகத்திலிருந்து தெரியக்கூடாது." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். ரயில் நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

திதி வியாழக்கிழமை விழுந்தது.

6

அக்கா வழக்கம்போல் கூப்பிட்டாள். நான் மடிக்கணினியோடு வேலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். இலை போட்டிருந்தது. வாழைக்காய்ப் பொரியல், பாகற்காய், பருப்பு, வடை, பாயசம். எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். பிறகு கைபேசியைச் சுவர்ப் பக்கம் திருப்பி "கும்பிட்டுக்கோ" என்றாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காரு. ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"படைச்சிட்டுச் சொல்லேன். சாதம் ஆறுது."

"இல்லக்கா. படைக்கதுக்கு முன்னாடி சொல்லணும்."

அவள் கைபேசியை எதன் மீதோ சாய்த்துவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். சொன்னேன். படம் வைகாசியில் வரைந்தது என்று சொன்னேன். அப்பாவை நினைத்து வரையவில்லை என்று சொன்னேன். அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப அது கோடி வேட்டி இல்ல?"

"இல்லக்கா. வயல். தண்ணி நிக்க வயல்."

"சரி" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை வீட்டுப் பாடம் செய்யவில்லை என்று சொன்னால் 'சரி' என்பாளே, அதே குரல். "அப்ப அப்பா செத்த அன்னைக்கு நீ என்னலே செஞ்சே?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் யோசித்திருக்கவில்லை. படத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். போனில் 'பாக்கேன்' என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனதைச் சொன்னேன். சங்கிலிக் கண்ணாடி அம்மாளைச் சொன்னேன். ஃபேக்ஸைச் சொன்னேன். திறப்பு விழாவைச் சொன்னேன்.

"ஃபேக்ஸா?" என்றாள் அக்கா. "ஒரு ஃபேக்ஸ்தானா கேட்டாவ? நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே கடை உண்டுமேலே. நான் ஓடிப்போயி அனுப்பியிருப்பேனே."

"தெரியும்க்கா."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேனே."

"தெரியும்க்கா. அதான் சொல்லலை."

அவள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வேர்வையைத்தான் துடைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், இலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நீ வாரேன்னு சொன்னே. பாக்கேன்னு சொல்லலை. 'வாரேன்க்கா, நான் வார வரைக்கும் வச்சிருங்க'ன்னு சொன்னே. நல்ல வெயில். பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் எடுத்துருவோம்னாவ. நான் வாசல்ல குறுக்கப் படுத்துக்கிட்டேன். எந்தம்பி வருதான், எடுக்கக்கூடாதுன்னேன். ஐஸ் எங்கயும் கிடைக்கலை. மீன் மார்க்கெட்டுக்குப் போற ஐஸை வண்டியில கொண்டாந்து இறக்குனாங்க. ராவும் பகலும் மாத்தி மாத்தி வச்சோம். சைவ வீட்டுல, அப்பா மேல மீன் வாடை. பெரியம்மை மூக்கைப் பொத்திக்கிட்டு வெளிய போயி உக்காந்துட்டா. ரெண்டாம் நாள் மத்தியானம் நீ போன் பண்ணி வரலைன்னே. அதுக்குள்ள அப்பா முகம் மாறிட்டு. கோடி போடும்போது முகத்தை மூடித்தான் போட்டோம். ஆறுமுகம்தான் கொள்ளி வச்சான்."

ஆறுமுகம் எங்கள் பெரியப்பா மகன். அவன் வைத்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். மற்றதை இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொல்லவிடவில்லை.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

"நீதான் படம் வரைஞ்சு அனுப்புனியே. இவன் அங்கன இவ்வளவு அழுதிருக்கான், இதையும் சொல்லி என்னத்துக்கு நோகடிக்கன்னு விட்டுட்டேன்."

நான் 'மன்னிச்சிருக்கா' என்றேன்.  முழங்காலைப் பிடித்துக்கொண்டு பைய எழுந்தாள். சுவரண்டை போனாள். கதம்பச் சரத்தைக் கழற்றி அப்பாவின் படத்துக்கு மேல் இன்னொரு சுற்றாகப் போட்டாள். பிறகு இரண்டு கையாலும் அந்தச் சட்டத்தைக் கொக்கியிலிருந்து தூக்கி இறக்கினாள். கீழே போடவில்லை. அவளுக்கு எதையும் போட்டு உடைக்க வராது. சந்தனத்தையும் குங்குமத்தையும் முந்தானையால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அடுப்படிப் பக்கம் எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து இலையிலிருந்து சோற்றை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள், காக்கைக்கு வைக்க. கைபேசியை அணைக்க மறந்துவிட்டாள். மறந்தாளோ, அப்படியே விட்டாளோ, எனக்குத் தெரியாது.

திரையில் நானும் அந்தச் சுவரும்தான் இருந்தோம். மாடியிலிருந்து 'கா... கா...' என்று அவள் கூப்பிடுவது கேட்டது. காக்கை வந்த சத்தம் கேட்கவில்லை. அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சட்டம் இருந்த இடம் சுவரில் தனியாகத் தெரிந்தது. மற்ற சுவரெல்லாம் சாம்பிராணிப் புகையும் விளக்குப் புகையும் பட்டுப் பழுப்பேறியிருந்தது. அந்தச் சதுரம் மட்டும் வெள்ளை. சுண்ணாம்பு அடித்த அன்றைய வெள்ளை. அதன் கீழ் விளிம்பில் சந்தனம் வழிந்து ஒரு மஞ்சள் கோடு. இத்தனை வருஷமாகப் பையைத் திறந்து பார்த்துப் பார்த்துத் தேடியும் கிடைக்காத வெள்ளை அது. நான் அழவில்லை. என் வலது கை மட்டும் மேஜைக்குக் கீழே, வண்ணப் பை இருக்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்தேன். அது மரத்துப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.